வக்கீல் கேஸும் பெட்டி கேஸும்

வக்கீல் கோர்ட்டுக்குப் போகிறார். கையில் பிரீஃப்கேஸ். திறந்தால் உள்ளே கேஸ் கட்டு. பிரீஃப்கேஸில் வரும் கேஸும் கேஸ் கட்டில் வரும் கேஸும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. பிறப்பில் மட்டும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டும் வேறு வேறு லத்தீன் சொற்களாகப் பிறந்து, தனித்தனியே பிரெஞ்சு வழியாக வந்து, ஆங்கிலத்தை எட்டும்போது தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டவை. கோர்ட் கேஸின் அடிப்பொருள் ‘விழுந்தது’. பெட்டி கேஸின் அடிப்பொருள் ‘கொள்வது’, எதையாவது தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வது.

நல்ல ஆங்கில அகராதியைப் பிரித்தால் இது உடனே தெரியும். தலைச்சொல்லின் தோள்மேல் 1, 2 என்று பொடி எண் போட்டிருப்பார்கள். அது தனித்தனிச் சொல் என்பதற்கான அடையாளம். வரியோடு வரியாக வரும் 1, 2, 3 வேறு. அவை ஒரே சொல்லின் பல பொருள்கள். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதுதான் பலருக்கு நேரும் முதல் தவறு. அடுத்து, பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ சதுர அடைப்புக்குள் சொல்வரலாறு இருக்கும். அதைப் பின்னோக்கி வாசிக்க வேண்டும். கிட்டத்து மூதாதை முதலில் வரும், தொலைவில் இருப்பது கடைசியில் வரும். கேஸ் என்ற எழுத்துக்கு இப்படி இரண்டு சதுர அடைப்புகள் இருக்கும். இரண்டையும் கலக்காமல் வாசித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கேஸின் வேர், லத்தீனில் விழுதலைக் குறிக்கும் ‘கடேரே’. அதிலிருந்து ‘காசுஸ்’: விழுந்தது, நேர்ந்தது, வாய்த்தது. விழுவதற்கும் நேர்வதற்கும் என்ன தொடர்பு என்று தமிழ் பேசுகிறவர் கேட்க வேண்டியதே இல்லை. தாயம் விழுந்தது, சீட்டு விழுந்தது, லாட்டரியில் பரிசு விழுந்தது என்றுதான் நாமும் சொல்கிறோம். நம் கையில் இல்லாத எதுவும் மேலிருந்து விழுவதாகவே மனிதருக்குப் படுகிறது. சான்ஸ் என்ற சொல்லும் இதே வேர்தான். பழைய பிரெஞ்சில் அதற்குப் பகடை விழுவது என்ற பொருளும் இருந்தது. ஆக்சிடென்ட் என்றால் வந்து மேலே விழுவது. கோஇன்சிடென்ஸ் என்றால் சேர்ந்து விழுவது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை லத்தீன் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. மேற்குத் திசைக்கான ஆக்சிடென்ட் என்ற பழைய சொல்லும் உண்டு, எழுத்து வேறு. சூரியன் விழுகிற பக்கம் என்று பொருள். நாம் ஞாயிறு சாய்ந்தது என்கிறோம், அவர்கள் விழுந்தது என்றார்கள். பாராசூட்டில் வரும் சூட்டும் பிரெஞ்சில் விழுதல்தான்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சீட்’, ஏமாற்று என்ற பொருளில் வரும் சீட். வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் நிலம் நிலப்பிரபுவுக்கோ அரசருக்கோ ‘வந்து விழும்’. இதற்குச் சட்டப் பெயர் எஸ்சீட். இடைக்கால இங்கிலாந்தில் அந்தச் சொத்துகளைக் கவனிக்கத் தனி அதிகாரிகள் இருந்தார்கள். வாரிசு இருக்கும் சொத்தையும் இல்லை என்று எழுதிப் பறிப்பதாக அவர்கள்மீது அவ்வளவு வெறுப்பு. பதவியின் பெயரே தேய்ந்து ஏமாற்று என்றாகிவிட்டது. சட்டத்தில் பழைய சொல் கெடாமல் இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 296-வது பிரிவும், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவும் எஸ்சீட் பற்றியவைதான். ஒரே வேரின் இரண்டு கிளைகள், ஒன்று சட்டப் புத்தகத்தில், இன்னொன்று தெருச்சண்டையில்.

காஷுவல் லீவ் என்பது இஷ்டத்துக்கு எடுக்கும் லீவ் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எதிர்பாராமல் வந்து விழுந்த காரியத்துக்கான லீவ் என்பதே அதன் பொருள். ஆஸ்பத்திரி வாசலில் எழுதியிருக்கும் காஷுவால்ட்டியும் அப்படித்தான்: நேர்ந்துவிட்டவர்களுக்கான இடம். உள்ளே போனால் ‘பாம்புக்கடி கேஸ்’, ‘தீக்காய கேஸ்’ என்று ஆளையே கேஸ் ஆக்கிவிடுவார்கள். ஆங்கில மருத்துவப் பேச்சிலும் இதே வழக்கம்தான். இங்கே ஒரு குழியும் இருக்கிறது. பாஸ்கெட் கேஸ் என்ற தொடரைப் பார்த்ததும் கூடை, பெட்டி என்று கை பெட்டி கேஸ் பக்கம் போகும். அது தவறு. முதல் உலகப்போருக்குப் பிறகு, கை கால் எல்லாம் இழந்து கூடையில் வைத்துத் தூக்கவேண்டிய வீரர்கள் ஆஸ்பத்திரிகளில் இருப்பதாக அமெரிக்காவில் வதந்தி பரவியது. அப்படி யாருமே இல்லை என்று 1919-ல் ராணுவத் தலைமை மருத்துவர் மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. அதில் வரும் கேஸ் நோயாளியைக் குறிப்பது. அதாவது விழுந்த கேஸ்.

இலக்கணத்துக்கு வருவோம். நாம் வேற்றுமை என்பதை ஆங்கிலத்தில் கேஸ் என்கிறார்கள். இதுவும் விழுந்த கேஸ்தான், ஆனால் நேர்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரேக்க இலக்கணக்காரர்கள் பெயர்ச்சொல்லின் வடிவங்களை ‘ப்டோசிஸ்’, அதாவது விழுகை, என்றார்கள். கண்ணிமை தொங்கிப்போவதை இன்றைய கண் மருத்துவர் சொல்வதும் இதே சொல்லால்தான். எழுவாய் வடிவத்தை நேராக நிற்பதாகவும் மற்ற வடிவங்களைச் சாய்ந்து விழுவதாகவும் அவர்கள் கற்பனை செய்தார்கள். ரோமானியர் அதை அப்படியே ‘காசுஸ்’ என்று பெயர்த்தார்கள். ஒரு சொல்லை வேற்றுமை ஏற்கவைப்பதை இன்றும் டிக்லென்ஷன், சாய்த்தல், என்பது அதனால்தான்.

பெயர்த்தவர்கள் ஓர் இடத்தில் வழுக்கினார்கள். நம் இரண்டாம் வேற்றுமைக்கு ஒப்பானதை, செயலுக்கு ஆட்பட்டதைக் காட்டும் வடிவத்தை, கிரேக்கர் ‘ஐதியா’ என்ற சொல்லிலிருந்து பெயரிட்டிருந்தார்கள். அதற்குக் காரணம் என்றும் பொருள், குற்றச்சாட்டு என்றும் பொருள். ரோமானியர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். அதன் விளைவு, ‘அக்யூசட்டிவ்’, குற்றம் சாட்டும் வேற்றுமை! இரண்டாயிரம் வருடமாக மாணவர்கள் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய ‘செயப்படுபொருள் வேற்றுமை’ வேலையைச் சொல்லும் பெயர். என்னைக் கேட்டால் அதைவிட இதுவே தெளிவு. ‘வேற்றுமை’ என்ற பொதுப்பெயரும் அப்படித்தான். பெயரின் பொருள் வேறுபடுகிறது என்று நேரே சொல்லிவிடுகிறது. விழுவது, சாய்வது எதுவும் அதில் இல்லை.

இனிப் பெட்டி. லத்தீனில் ‘கபேரே’ என்றால் எடுத்தல், கொள்ளுதல். அதிலிருந்து ‘கப்ஸா’: பெட்டி. ரோமில் சுருள் நூல்களை நிறுத்திவைத்து எடுத்துப்போகும் உருளை வடிவப் பெட்டிக்கு இந்தப் பெயர் இருந்தது. (நம் ஊரில் கப்சா விடுவதோடு இதை முடிச்சுப்போட வேண்டாம். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது.) புக்கேஸ், பில்லோகேஸ், பென்சில் கேஸ், செல்போன் கேஸ் எல்லாம் இதன் நேர் வாரிசுகள். ஸ்டேர்கேஸும்தான். அது முதலில் படியைக் குறிக்கவில்லை, படிகளைச் சுற்றி எழுப்பிய கூட்டைக் குறித்தது. மது வணிகத்தில் ஒரு கேஸ் ஒயின் என்றால் 750 மில்லி பாட்டில் 12, ஆக 9 லிட்டர். உலக வர்த்தகக் கணக்கில் அதுவே ஓர் அளவு.

சூட்கேஸில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. சூட் என்றாலும் வழக்கு, கேஸ் என்றாலும் வழக்கு. சிவில் சூட் என்கிறோமே. ஆனால் சூட்கேஸில் இரண்டுமே வழக்கு கிடையாது. சூட் என்றால் உடுப்பு, கேஸ் என்றால் பெட்டி. கேஸ் இரண்டு சொல், சூட் ஒரே சொல். ‘பின்தொடர்தல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த அதே சூட்தான் ஒருவரைக் கோர்ட்டில் தொடர்வதற்கும், ஒன்றையொன்று தொடர்ந்து பொருந்தும் உடுப்புக்கும் பெயரானது. எழுத்து ஒன்றாக இருந்தால் பிறப்பு வேறு என்றும் சொல்லிவிட முடியாது, ஒன்று என்றும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றாகத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

கப்ஸாவின் தூரத்து வாரிசுகள் ஆச்சரியமான இடங்களில் வாழ்கிறார்கள். சின்னப் பெட்டி என்ற பொருளில் லத்தீனிலேயே ‘கப்சூலா’ உண்டு. மாத்திரைக் கடையில் கேப்ஸ்யூல் ஆனது அது. பிரெஞ்சில் சின்னப் பெட்டி ‘கசெட்’, டேப் கேசட் வந்தது அங்கிருந்து. அதே பிரெஞ்சில் சட்டகத்தை, அதாவது ஃபிரேமைக் குறிக்கும் ‘ஷாசி’தான் நாம் ஆர்.சி. புத்தகத்தில் பார்க்கும் 17 எழுத்து எண்ணின் பெயரில் உள்ள சேசிஸ். இங்கிலாந்துக்காரர் காதில் ‘ஷாசி’யின் கடைசி ஒலி பன்மை விகுதி போல விழுந்தது. அதை வெட்டி ‘சாஷ்’ என்று ஓர் ஒருமையைத் தாங்களே செய்துகொண்டார்கள். மேலும் கீழும் தள்ளும் ஜன்னல் சட்டத்துக்கு இன்றும் அதுதான் பெயர். அழகுப்போட்டியில் தோளில் போடும் சாஷ் வேறு சொல், அது அரபியிலிருந்து வந்த துணி.

இந்தப் பெட்டி மிகப் பெரிய வேலை பார்த்த இடம் அச்சகம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், ஆழமில்லாத மரத்தட்டுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டின் பெயர் கேஸ். சாய்வான ஒரு தாங்கியில் இரண்டு கேஸ்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. மேல் கேஸில் பெரிய எழுத்துகள், கீழ் கேஸில் சின்ன எழுத்துகள். அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பெயர்கள் அந்தத் தட்டுகளின் இடத்தைச் சொல்பவை, வேறு உட்பொருள் எதுவும் கிடையாது.

தட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஆங்கிலத்தின் வரலாறே அதில் கிடக்கும். பழைய ஆங்கில முறையில் மேல் கேஸில் 98 அறைகள், எல்லாம் ஒரே அளவு, எழுத்துகள் அகர வரிசையில். ஆனால் ஜே-யும் யு-வும் மட்டும் வரிசையில் இருக்காது, இசட் தாண்டிக் கடைசியில் இருக்கும். அவை இரண்டும் தனி எழுத்தாகப் பின்னாளில் பிரிந்தவை. தட்டின் ஒழுங்கு அதற்கு முன்பே கைப்பழக்கமாகிவிட்டதால் யாரும் மாற்றவில்லை. கீழ் கேஸில் அறைகள் ஒரே அளவில் இருக்காது. அதிகம் தேவைப்படும் ஈ-க்கு மிகப் பெரிய அறை, அதுவும் கைக்கு நேர் எதிரே. எப்போதாவது வரும் இசட் போன்றவை ஓரத்துச் சின்ன அறைகளில். கம்போசிட்டர், அதாவது அச்சுக்கோப்பவர், எழுத்துகளை வரியாக அடுக்கும் கம்போசிங் ஸ்டிக்கை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் எழுத்தை எடுத்து அடுக்குவார். எடுத்த எழுத்தைத் தவறான அறையில் திருப்பிப் போட்டால், அடுத்த முறை கண் பார்க்காமல் எடுக்கும் கைக்கு தப்பான எழுத்து வரும். அச்சுப்பிழைகளில் ஒரு வகை இப்படி நேற்றைய பிழையிலிருந்து பிறப்பது. கோத்த பக்கத்தை இறுக்கிப் பூட்டும் இரும்புச் சட்டத்தின் பெயர் சேஸ். துரத்துவது என்று நினைக்க வேண்டாம். அதுவும் கப்ஸாதான், பிரெஞ்சு வழியில் வேறு முகம் எடுத்தது. கேஸில் கிடந்த எழுத்து சேஸில் போய்ச் சேர்ந்தது என்றால், ஒரே சொல்லிலிருந்து அதே சொல்லுக்குப் போயிருக்கிறது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆனால் நம் அச்சுக்கோப்பவருக்கு வேலை குறைவில்லை. கு, கூ, மு, மூ என்று உகர, ஊகார வரிசை முழுக்கத் தனி அச்சு, இகர, ஈகாரமும் அப்படியே. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை, தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’, சுழித்து எழுதிய ‘றா’, ‘ணா’ போன்றவற்றுக்கும் தனித்தனி அறை வேண்டியிருந்தது. சீர்திருத்தம் வந்ததும் அந்த அறைகள் காலியாயின. எழுத்துச் சீர்திருத்தத்தை வெறும் பள்ளிக்கூட விஷயமாகப் பார்ப்பவர்கள் இந்தத் தட்டையும் நினைத்துப்பார்க்கலாம்.

ஈய எழுத்து போனாலும் தட்டின் பெயர் கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்துவிட்டது. எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் எண் கொடுக்கும் ஆஸ்கி குறியீட்டில் பெரிய ஏ-யின் எண் 65, சின்ன ஏ-யின் எண் 97. வித்தியாசம் 32, அதாவது இரும எண்ணில் ஒரே ஒரு பிட். 1000001 என்பது 1100001 ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் கணினிக்கு அந்த ஒரு பிட்டே போதும், பாஸ்வேர்டு தவறு என்று சொல்ல. விண்டோஸில் வேலை செய்த இணையப்பக்கம் லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படம் தெரியாமல் போவதற்கு அடிக்கடி இதுவே காரணம். கோப்பின் நீட்சி பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று இருக்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். விண்டோஸ் பொதுவாக இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். லினக்ஸ் கொள்ளாது. ஒரே நிரலில் ‘ஸ்விட்ச்’ கட்டளைக்குக் கீழே வரும் ‘கேஸ்’ நேர்வைக் குறிப்பது, எழுத்தைப் பெரிதாக்கும் ‘அப்பர்கேஸ்’ தட்டைக் குறிப்பது. பத்து வரிக்குள் இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

மொழிபெயர்ப்பு சறுக்குவதும் இங்கேதான். ‘கேஸ் சென்சிட்டிவ்’ என்பதில் வழக்கைக் கொண்டுவந்து நுழைத்தால் வாசகருக்கு எதுவும் விளங்காது. ‘பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்கும்’ என்று நீட்டி எழுதினாலும் அதுதான் சரி. சோதிக்க ஓர் எளிய வழி: அந்த இடத்தில் பெட்டி, உறை, கூடு, தட்டு ஆகியவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் கப்ஸா. நேர்வு, நிலை, வழக்கு, நோயாளி பொருந்தினால் காசுஸ். சட்டத் தமிழில் ‘நேர்வு’ என்ற சொல் நன்றாகவே காலூன்றியிருக்கிறது, ‘அந்நேர்வில்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் மாடிப்படி ஓரத்து அறிவிப்புப் பலகையில் ‘தீ விபத்து நேர்வில்’ என்று எழுத வேண்டாம். ‘தீப்பிடித்தால்’ போதும். இன் கேஸ் என்பதன் வேலையைத் தமிழில் ‘ஆல்’ விகுதி செய்துவிடும்.

கடைசியாக கேஷ். இதில் தமிழர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதனால்தான் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. ‘கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லே காசுதான்’ என்று சமூக ஊடகங்களில் ஓடும் செய்தி பாதிதான் சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்றும் இரண்டு சொற்கள். இரண்டும் 16-ம் நூற்றாண்டின் கடைசியில், ஏறக்குறைய ஒரே காலத்தில் நுழைந்தவை. ரொக்கம் என்ற கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய வழியாக வந்த கப்ஸா. முதலில் பணப்பெட்டியையே குறித்து, பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்குப் பெயராகி, பெட்டிப் பொருள் மறைந்துவிட்டது. கல்லா என்று நாமும் பெட்டியைச் சொல்லி அன்றைய வசூலைக் குறிக்கிறோம் அல்லவா, ‘கல்லா கட்டிட்டான்’ என்று. கேஷியர் அந்தப் பெட்டியின் பொறுப்பாளர்.

இன்னொரு கேஷ், இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது. இதுதான் நம் காசு. நம் கடற்கரையில் காசைக் கேட்ட போர்த்துக்கீசியர் அதை ‘கைஷா’ என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி, அதன் மூலம் கப்ஸா. ஆக, தமிழ்க் காசு போர்த்துக்கீசியர் வாயிலேயே பெட்டியின் உடையைப் போட்டுக்கொண்டது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அங்கே இருந்த ரொக்கக் கேஷின் எழுத்தையும் எடுத்துக்கொண்டது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயங்களை நாணயச் சேகரிப்பாளர்கள் உலகெங்கும் கேஷ் என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயர் தமிழிலிருந்து போனது. உரிமை கொண்டாட வேண்டிய இடம் இது. ஏ.டி.எம்.மில் எடுக்கும் கேஷுக்கு உரிமை கோரினால், சரியாகச் சொல்லக்கூடிய இதுவும் எடுபடாமல் போய்விடும்.

கம்பெனி ஆட்சியில் சென்னைப் பட்டணத்துக் கணக்கு 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கில ஏடுகளில் காசு கேஷ் ஆகவும் பணம் ஃபனம் ஆகவும் வராகன் பகோடா ஆகவும் இருக்கும். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்களைப் படிக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் அணா கணக்கை அதில் போட்டால் தொகை தப்பும்.

சென்னைக்கான 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை 1808-ல் பர்மிங்ஹாமின் சோஹோ அக்கசாலையில் அடித்தார்கள். அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அந்த நாணயங்களை லட்சக்கணக்கில் மேலே எடுத்தார்கள். அதனால் இன்றும் சந்தையில் எளிதாகக் கிடைக்கின்றன. 20 காசு நாணயம் ஒன்றைக் கையில் எடுத்தால், ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் 1808 என்ற ஆண்டும். மறுபக்கம் ரோமன் எண்ணில் 20, கூடவே ஆங்கில எழுத்தில் கேஷ். அதற்கு மேலே பாரசீக எழுத்தில் ‘பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்’, இருபது காசு நான்கு ஃபுலூஸ் (ஃபுலூஸ் என்பது செப்பு நாணயம்). ஆங்கிலத்தில் பெட்டியின் எழுத்தைப் போட்டுக்கொண்ட அதே சொல், அதே முகத்தில், நாலு விரற்கடை தூரம்கூட இல்லாமல், ‘காஸ்’ என்றே இருக்கிறது.